கர்னலை வாசலில் இறக்கிவிட்டுக் காரில் காத்திருக்காதீர்கள்

நீங்கள் கேட்டிருப்பது இது. அமெரிக்காவில் வேலை பார்க்கிறீர்கள், இன்னும் விசாவில்தான் இருக்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு 81 வயது. ராணுவத்தில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர், வியட்நாம் போரில் இருந்தவர். போன வருடம் மனைவி தவறிவிட்டார். இப்போது கண் மங்கி, கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னாள் அதிகாரிகள் மாதம் ஒருமுறை கூடும் லஞ்சுக்குத் தன்னைக் கூட்டிப் போக முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். அவர் காட்டிய அட்டையில் எம்.ஓ.ஏ.ஏ. என்று போட்டிருந்தது. அங்கே என்ன நடக்கும், குடியுரிமை இல்லாத நீங்கள் உள்ளே உட்காரலாமா, இல்லை லேப்டாப்போடு காரிலேயே இரண்டு மணி நேரம் இருந்துவிடுவதுதான் மரியாதையா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு அவர் ஏன் இவ்வளவு ஏங்குகிறார் என்று கேட்கிறீர்கள்.

உள்ளே போங்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் அமெரிக்க ராணுவத்தின் மருத்துவப் பிரிவில் 22 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் இருக்கும் ஊரின் கிளையில் (சாப்டர் என்றுதான் சொல்வோம்) மாத லஞ்சுக்கு யார் யார் வருகிறார்கள் என்று போன் செய்து பெயர் எழுதும் வேலையை ஒன்பது வருடமாகப் பார்க்கிறேன். நடுவில் ஒரு வருடம் தலைவராகவும் இருந்தேன். இரண்டில் எது பெரிய வேலை என்று கேட்டால், பெயர் எழுதுவதுதான். அதற்கு வருகிறேன்.

முதலில் எம்.ஓ.ஏ.ஏ. என்ற அந்தச் சங்கத்தைப் பற்றி. 1929-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ‘ஓய்வுபெற்ற அதிகாரிகள் சங்கம்’ என்ற பெயரில் தொடங்கியது. 1931-ல் வாஷிங்டனுக்கு இடம் மாறியது. இப்போது தலைமையகம் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்ட்ரியாவில் இருக்கிறது. 2003-ல் பெயரிலிருந்த ‘ஓய்வுபெற்ற’ என்ற சொல் போய் ‘அமெரிக்க ராணுவ அதிகாரிகள் சங்கம்’ ஆனது. பணியில் இருப்பவர்கள், ரிசர்வில் இருப்பவர்கள், நேஷனல் கார்டில் இருப்பவர்கள், பென்ஷன் வரும்வரை இருக்காமல் சில வருடம் அதிகாரியாக இருந்து வெளியே வந்தவர்கள், எல்லாருக்கும் இடம் உண்டு. தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன், கடலோரக் காவல்படை, 2019-ல் வந்த விண்வெளிப் படை ஆகியவற்றோடு, பொதுச் சுகாதாரப் பணி, கடல் மற்றும் வளிமண்டல ஆய்வு நிர்வாகம் ஆகிய இரண்டின் சீருடை அதிகாரிகளும் சேர்த்தி. அதனால் ஒரே மேஜையில் பீரங்கிப்படைக்காரர், நீர்மூழ்கிக் கப்பல்காரர், தொற்றுநோய் மருத்துவர், கடலடி வரைபடம் எடுத்தவர் என்று நாலு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசியச் சங்கம் வேறு, ஊர்ச் சாப்டர் வேறு. சாப்டர் தனியாகப் பதிவு செய்யப்பட்ட ஒரு சிறிய அமைப்பு. அதற்குத் தனிச் சந்தா, தனிக் கணக்கு, தனி நிர்வாகிகள். லஞ்சை நடத்துவது முழுக்க முழுக்க இந்த ஊர்க்காரர்கள்தான், அதுவும் சம்பளமில்லாமல். ஏதாவது சந்தேகம் என்றால் அலெக்சாண்ட்ரியாவுக்கு எழுத வேண்டாம். உங்கள் கர்னலிடம் அந்தப் பெயர் எழுதுகிறவரின் நம்பரைக் கேளுங்கள்.

எங்கே நடக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஒரு காலத்தில் ராணுவத் தளத்துக்குள் இருக்கும் ஆபீஸர்ஸ் கிளப்தான் இடம். பனிப்போர் முடிந்த பிறகு படை சுருங்கியது. 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகளாகத் தளங்களையே மூடினார்கள். மூடாத தளங்களிலும் கிளப்புகள் பல இழுத்து மூடப்பட்டன அல்லது எல்லாருக்குமான பொது ஹாலாக மாறின. அப்புறம் சாப்டர்கள் ஹோட்டல், கோல்ஃப் கிளப், முதியோர் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடம் என்று இடம் தேடிப் போயின. உங்கள் ஊரில் தளத்துக்குள் நடக்கிறது என்றால் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. கர்னலிடம் ஓய்வுபெற்றவருக்கான அடையாள அட்டை இருக்கும், அவர் போய்விடுவார். உங்களுக்கு வாசலில் பாஸ் வேண்டும். 2025 மே 7 முதல் ரியல் ஐடி தரத்திலுள்ள ஓட்டுநர் உரிமம் அல்லது பாஸ்போர்ட் போன்ற ஒன்று கட்டாயம். குடியுரிமை இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்கும் முறை தளத்துக்குத் தளம் வேறுபடும். அன்று காலையில் போய் வாசலில் நின்று கேட்கிற விஷயமில்லை இது. சில வாரங்கள் முன்பே சாப்டரில் சொல்லி வையுங்கள். வெளியே ஹோட்டலில் நடக்கிறது என்றால் இந்தக் கவலை எதுவும் இல்லை, விருந்தினராக நீங்கள் தாராளமாக வரலாம்.

இனி அன்று நடப்பது. பதினொன்றரை வாக்கில் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். வாசலருகே ஒரு மேஜையில் பெயர் அட்டை கொடுப்பார்கள், சாப்பாட்டுக்கான காசை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். அரை மணி நேரம் நின்றபடியே பேச்சு. பிறகு தலைவர் மணி தட்டிக் கூட்டத்தைத் தொடங்குவார். ஒரு சின்ன வழிபாடு, அதன்பின் கொடி வணக்க உறுதிமொழி. எல்லாரும் எழுந்து கொடியைப் பார்த்து நிற்பார்கள். பெரும்பாலானவர்கள் வலது கையை நெஞ்சில் வைப்பார்கள், சிலர் சல்யூட் வைப்பார்கள். சீருடையில் இல்லாதபோதும் முன்னாள் படைவீரர்கள் சல்யூட் வைக்கலாம் என்று பிற்பாடு சட்டம் திருத்தப்பட்டது. தேசிய கீதத்துக்கு அது 2008-ல் வந்தது. நீங்கள் எழுந்து, அமைதியாக, கைகளைத் தொங்கவிட்டு நின்றால் போதும். வேறு நாட்டுக் குடிமகன் அந்த உறுதிமொழியைச் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். இந்த நாட்டுக் குழந்தைகளையே பள்ளியில் அதைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1943-லேயே, போர் உச்சத்தில் இருந்தபோது, உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாடு இது. உட்கார்ந்தே இருப்பது மட்டும் வேண்டாம்.

பிறகு சாப்பாடு. புது விருந்தினர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்வார்கள். உங்களைக் கர்னல்தான் அறிமுகப்படுத்துவார், விட்டுவிடுங்கள், அது அவருக்குப் பெருமை. அதன்பின் ஒரு பேச்சாளர், இருபது நிமிடம். உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர், வரலாற்றுப் பேராசிரியர், பணியில் இருக்கும் தளபதி, தீயணைப்புத் துறைத் தலைவர், யாராகவும் இருக்கலாம். கட்சி அரசியல் பேச்சை நல்ல சாப்டர்கள் உள்ளே விடுவதில்லை. கடைசியில் பொருளாளர் கணக்கு, மாணவர் உதவித்தொகைக்காக ஒரு குலுக்கல், அடுத்த மாதத் தேதி. இரண்டு மணிக்குள் முடிந்துவிடும்.

ஹாலின் ஒரு மூலையில் ஒரே ஒரு ஆளுக்கான சின்ன வட்ட மேஜை போட்டிருந்தால், அது காலி என்று நினைத்துப் பையை வைத்துவிடாதீர்கள். வெள்ளை விரிப்பு, ஒற்றைச் சிவப்பு ரோஜா, தட்டில் ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடி டம்ளர், மெழுகுவத்தி, சாய்த்து வைத்த காலி நாற்காலி. போரில் சிறைபிடிக்கப்பட்டு, காணாமல் போய், திரும்பி வராதவர்களுக்கான மேஜை அது. எலுமிச்சை அவர்களுடைய விதியின் கசப்பு, உப்பு குடும்பத்தின் கண்ணீர், கவிழ்த்த டம்ளர் நம்மோடு சேர்ந்து குடிக்க அவர்கள் இல்லை என்பதற்கு. வியட்நாம் காலத்துப் போர்விமானிகளிடமிருந்து பரவிய வழக்கம். இரண்டாம் உலகப் போரிலிருந்து இன்றுவரை 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் வராமல் இருக்கிறார்கள். எல்லா மாதமும் வைக்காத சாப்டர்கள்கூட செப்டம்பரில் வைப்பார்கள், அந்த மாதத்தின் மூன்றாம் வெள்ளி அவர்களுக்கான நாள். அந்த மேஜையைப் பற்றிய வாசகத்தைப் படிக்கும்போது உங்கள் கர்னல் எழுந்து நின்றபடி எங்கோ பார்ப்பார். அப்போது அவரிடம் எதுவும் கேட்க வேண்டாம்.

சரி, பெயர்ப் பட்டியலுக்கு வருகிறேன்.

லஞ்சுக்கு ஐந்தாறு நாள் முன்பு ஒவ்வொருவருக்கும் போன் போகும். சில சாப்டர்களில் இமெயிலோடு முடித்துக்கொள்கிறார்கள், நான் அதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனை தட்டு என்று ஹோட்டலுக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டும், வராதவர் தட்டுக்கும் சாப்டர்தான் காசு கட்ட வேண்டும். வெளியே சொல்லும் காரணம் இது. ஆனால் அந்த போனில் உண்மையில் நடப்பது ஒரு ரோல் கால். யார் குரல் போன மாதத்தைவிடத் தளர்ந்திருக்கிறது, யார் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார், யார் ‘இந்த மாதம் முடியாது’ என்று மூன்றாவது மாதமாகச் சொல்கிறார், எல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். படையில் காலை அணிவகுப்பில் ஆள் எண்ணுவது எதற்கு? ஒருவன் குறைந்தால் உடனே தேட வேண்டும் என்பதற்குத்தான். இருபது முப்பது வருடம் யாரோ ஒருவர் தினமும் தன்னை எண்ணிக்கொண்டிருந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் இவர்கள். ஓய்வு பெற்ற மறுநாள் அந்த எண்ணிக்கை நின்றுபோகிறது. மனைவி இருக்கும்வரை வீட்டில் ஒருவர் எண்ணுகிறார். அவரும் போன பிறகு, மாதத்துக்கு ஒருமுறையாவது தன் பெயரைச் சொல்லி ‘வருகிறீர்களா’ என்று கேட்கும் ஒரு குரலுக்கு என்ன மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கர்னல் எதற்கு ஏங்குகிறார் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

எங்கள் பட்டியலில் கடற்படையில் கமாண்டராக இருந்த ஒருவர். வருடக்கணக்கில் ஒரு லஞ்சையும் விட்டதில்லை. திடீரென்று ஒரு மாதம் பல் டாக்டர், அடுத்த மாதம் மகள் வருகிறாள், அதற்கடுத்த மாதம் கார் ரிப்பேர். மூன்றாவது தடவை நான் நேரில் போய்விட்டேன். ஆள் நன்றாகத்தான் இருந்தார். அரை மணி நேரம் பேசிய பிறகு விஷயம் வந்தது: காது கேட்கவில்லை. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் சமாளித்துவிடுகிறார். ஹாலில் நாற்பது பேர் பேசும் இரைச்சலில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரித்து, எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பி வருவது தாங்கவில்லை என்றார். காது கேளாமையும் காதிரைச்சலும்தான் முன்னாள் படைவீரர்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் பாதிப்பு. தகுதியுள்ளவர்களுக்கு வி.ஏ. எனப்படும் முன்னாள் படைவீரர் நலத் துறை காது கருவியை இலவசமாகவே தருகிறது. இவர் எஞ்சின் அறையில் வருடக்கணக்காக நின்றவர், ஒரு தடவைகூட விண்ணப்பித்ததில்லை. எங்களில் ஒருவர் கூடவே போய் விண்ணப்பம் போட்டார். நாங்களும் மேஜை மாற்றினோம்: சுவருக்கு முதுகு கொடுத்த மூலை, ஆறு பேருக்கு மேல் இல்லை. ஐந்தாவது மாதம் திரும்பி வந்தார்.

2023-ல் அமெரிக்காவின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவராக இருந்த விவேக் மூர்த்தி, தனிமையைப் பற்றி ஒரு அறிவுறுத்தலை வெளியிட்டார். மனிதத் தொடர்பு இல்லாமல் இருப்பது உயிருக்கு விளைவிக்கும் கேடு, நாளுக்கு 15 சிகரெட் வரை பிடிப்பதற்குச் சமம் என்று அதில் இருக்கிறது. அந்தப் பதவியில் இருப்பவர் பொதுச் சுகாதாரப் பணியின் வைஸ் அட்மிரல், அதாவது நான் முன்னே சொன்ன சீருடைகளில் ஒன்றைப் போட்டவர். மருத்துவனாக இருந்த எனக்கு அந்த அறிக்கை புதிதாக எதையும் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியல் அதை முன்பே சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, அந்த மேஜையில் சாப்பாட்டோடு பரிமாறப்படும் தகவல். இது பணத்திலும் உயிரிலும் கணக்குப் பார்க்கக்கூடிய விஷயம். படையில் இருந்தவர்களுக்கான உரிமைகள் சட்டத்துக்குச் சட்டம் மாறிக்கொண்டே இருக்கும், கடிதம் வந்தாலும் படிக்கக் கண் வேண்டும், பொறுமை வேண்டும். பக்கத்தில் இருப்பவர் ‘நான் போட்டேன், கிடைத்தது, நீயும் போடு’ என்றால் அது மண்டையில் ஏறும். 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் காடுகளை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்தோடு தொடர்புள்ளதாகக் கருதப்படும் நோய்களின் பட்டியலில் அந்தச் சட்டம் உயர் ரத்த அழுத்தத்தையும் சேர்த்தது. எண்பது வயதில் ரத்த அழுத்தம் இல்லாத வியட்நாம்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. ‘அது வயதானால் வருவதுதானே’ என்று விண்ணப்பிக்காமல் இருந்தவர்கள் எங்கள் மேஜையில் மட்டும் நான்கு பேர். உங்கள் கர்னலிடம் இதை ஒரு தடவை கேளுங்கள்.

டிரைகேர் ஃபார் லைஃப் என்ற மருத்துவத் திட்டமும் இப்படிப்பட்ட மேஜைகளில் பல வருடம் பேசிப் பேசி வந்ததுதான். அதற்கு முன்பு, 65 வயது ஆனதும் ராணுவத்தின் மருத்துவக் காப்பீடு கையை விட்டுப் போகும், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் மட்டும்தான் மிஞ்சும். சேர்க்கும்போது ‘ஆயுள் முழுக்க வைத்தியம்’ என்று வாய்வார்த்தை கொடுத்துவிட்டுக் கடைசியில் கைவிட்டது இரண்டாம் உலகப் போர்க்காரர்களையும் கொரியப் போர்க்காரர்களையும் மிகவும் காயப்படுத்தியது. வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் பெற்ற விமானப்படைக் கர்னல் பட் டே, வழக்கறிஞராக நின்று அவர்களுக்காக அரசின் மேல் வழக்குப் போட்டார். 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அது தோற்றது. ஆனால் அதற்கு முன்பே, அந்தச் சூட்டில் நாடாளுமன்றம் சட்டம் செய்துவிட்டது. 2001 அக்டோபர் 1 முதல் மெடிக்கேருக்கு மேலே டிரைகேர் துணை நிற்கிறது. மெடிக்கேரில் டாக்டர் செலவுக்கான பகுதியான பார்ட் பி-க்குப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. அதை விட்டுவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களும் அப்படித்தான். டி.டி. 214 என்ற விடுவிப்புச் சான்று எங்கே இருக்கிறது என்று அவருக்கு மட்டுமல்ல, இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸில் படை ஆவணக் காப்பகம் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்துபோயின. 1960-க்கு முன் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போனது. உங்கள் கர்னல் அதற்குப் பிந்தியவர், அவருடையது இருக்கும். இருந்தாலும் ஒரு நகல் வீட்டில் வேண்டும். இறுதிச் சடங்கில் இரண்டு சீருடையினர் வந்து கொடியை மடித்துக் குடும்பத்திடம் கொடுத்து, ‘டாப்ஸ்’ என்ற அஞ்சலி இசையை ஊதுவது சட்டப்படி அவருக்குரிய மரியாதை. அதைக் கேட்கும்போது முதலில் தேடப்படும் காகிதம் இதுதான்.

கணவரை இழந்த பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதில் முடியாது. எங்கள் லஞ்சில் ஆறில் ஒருவராவது அவர்கள்தான். உறுப்பினர் இறந்தால் துணைவர் உறுப்பினராகத் தொடரலாம். கணவர் இல்லாத முதல் மாதம் அவர்களுக்கு வாசலைத் தாண்டுவது கடினம், அதனால் யாராவது ஒருவர் வீட்டுக்கே போய்க் கூட்டி வருவோம். கணவர் இறந்த அன்றே அவர் பென்ஷன் நின்றுவிடும். தகவல் போகத் தாமதமானால் வந்த பணத்தையும் வங்கிக் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எஸ்.பி.பி. என்ற குடும்ப ஓய்வூதியத்தில் கணவர் பணம் கட்டியிருந்தால், அவர் தேர்ந்தெடுத்த தொகையில் 55 சதவீதம் மனைவிக்கு வரும், ஆனால் அவர் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தின் நடுவில் இதையெல்லாம் யார் செய்வது? சாப்டரில் ஒருவர் உட்கார்ந்து படிவத்தை நிரப்பிக் கொடுப்பார்.

இன்னொரு அநியாயமும் இருந்தது. பணியால் வந்த நோயில் கணவர் இறந்தால் வி.ஏ. தனியாக ஒரு தொகை கொடுக்கும். அந்தத் தொகைக்கு ஈடாக எஸ்.பி.பி.யில் டாலருக்கு டாலர் பிடித்துக்கொண்டார்கள். கணவர் காசு கட்டி வாங்கிய ஓய்வூதியத்தில் பிடித்தம்! ‘விதவை வரி’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பாதித்த இதை நீக்கச் சங்கங்கள் பல வருடம் போராடின, எங்கள் பெண்கள் லஞ்ச் மேஜையிலேயே உட்கார்ந்து செனட்டர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். 2019 டிசம்பரில் சட்டம் வந்தது, படிப்படியாகக் குறைந்து 2023 ஜனவரி 1-ல் பிடித்தம் முழுதாக ஒழிந்தது. முதல் முழுத்தொகை வந்த மாதம் ஓர் அம்மா வங்கித் தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். யாரும் கொஞ்ச நேரம் சாப்பிடவில்லை.

என்ன பேசுவது என்று கவலைப்படாதீர்கள். எந்தப் படை, எந்த ஊரில் இருந்தீர்கள், அங்கே குளிரா வெயிலா என்று ஆரம்பித்தால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சண்டையில் யாரையாவது கொன்றீர்களா என்று கேட்கக் கூடாது. யாரும் இதைக் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பீர்கள், கேட்கிறார்கள். லெப்டினன்ட் கர்னலைப் பேச்சில் ‘கர்னல்’ என்று அழைப்பது சரிதான். ஆனால் மேஜையில் அவர்களுக்குள் பெயர்தான், ரேங்க் கிடையாது. ஜெனரலாக இருந்தவருக்கு ஒரு கேப்டன் ரொட்டிக் கூடையை நகர்த்துவார், பதிலுக்கு ஜெனரல் காபி ஊற்றுவார். வியட்நாம்காரர்கள் சட்டையில் கழுகுத் தலை பொறித்த சின்ன பின் ஒன்று குத்தியிருப்பதைப் பார்க்கலாம். 1955 நவம்பர் 1 முதல் 1975 மே 15 வரை எங்கே பணியில் இருந்திருந்தாலும் அந்த பின் அவர்களுக்கு உண்டு. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் சீருடையைக் கழற்றி மறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். உங்கள் கர்னலிடம் அந்த பின் இல்லையென்றால் சாப்டரில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் எழுந்து நிற்க வைத்து, எல்லார் முன்னும் குத்துவார்கள்.

மே மாத லஞ்ச் கலகலப்பாக இருக்கும். உள்ளூர்ப் பள்ளி, கல்லூரிகளிலிருந்து அதிகாரிப் பயிற்சி மாணவர்களைக் கூப்பிட்டுப் பதக்கமும் உதவித்தொகையும் கொடுப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் பல சாப்டர்களில் விடுமுறை. அந்த இரண்டு மாதம் உங்கள் கர்னலுக்கு நீளமாக இருக்கும், நினைவில் வையுங்கள்.

கூட்டம் வருடா வருடம் சுருங்கி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் தலைமுறை அதிகாரிகளுக்கு மதியம் பன்னிரண்டு மணிக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். சில இடங்களில் அவர்களுக்காக இரவுச் சாப்பாடாக மாற்றினார்கள். நான் அதை எதிர்த்தே பேசி வருகிறேன். எண்பது வயதுக்காரர் இருட்டில் கார் ஓட்ட மாட்டார். ஒரு கூட்டத்தைச் சேர்க்கப் போய் இன்னொரு கூட்டத்தை வீட்டில் அடைத்ததாகிவிடும். இளையவர்களுக்குத் தனியாக ஒரு மாலை வைத்துக்கொள்ளலாம், மதியத்தைத் தொடக் கூடாது. சாப்டர்கள் மூடிப்போவதற்கு ஆள் இல்லாதது ஒரு காரணம் என்றால், ஆள் இருந்தும் கூட்டிவர ஆள் இல்லாதது இன்னொரு காரணம். எங்கள் பட்டியலில் ‘வர ஆசை, வண்டி இல்லை’ என்று எழுதி வைத்திருக்கும் பெயர்கள் ஏழு. அதனால்தான் உங்கள் கேள்வியைப் படித்ததும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிட்டேன்.

கோட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலர் வைத்த சட்டை போதும். சைவம் என்றால் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், அன்று போய்க் கேட்டால் சமையலறையில் சிரமப்படுவார்கள். கிளம்பும் முன் கர்னலின் மாத்திரைப் பெட்டியையும் காது கருவி இருந்தால் அதற்கு மாற்று பேட்டரியையும் ஞாபகப்படுத்துங்கள். அரை மணி முன்னதாகப் போனால் நல்ல இடம் கிடைக்கும். ஸ்பீக்கர் பெட்டிக்கும் சமையலறைக் கதவுக்கும் தள்ளி, வெளிச்சம் அவருக்குப் பின்னாலிருந்து வருகிற மாதிரி, பேசுகிறவர் முகம் தெரிகிற இடமாகப் பாருங்கள். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று காரிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் நீங்கள் உட்காருங்கள்.